சுவிட்சில் அடிப்படை ஏசிஎல் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கிளினிக், துணைப்பாட நிலையம், கடை, சிறு அலுவலகம் போன்ற இடங்களில் நெட்வொர்க்கைக் கவனிப்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. கமாண்டுகள் சிஸ்கோ ஐஓஎஸ் முறையில் உள்ளன. அவற்றை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். சுவிட்சில் ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். மற்ற நிறுவனங்களின் சுவிட்சுகள் எங்கே மாறுபடுகின்றன என்பது பின்னால் வருகிறது.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான். செராங்கூன் சாலையில் ஈரடுக்குக் கடைவீடு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) 10 ஊழியர்களுக்கு, 20 நெட்ஸ் கட்டணக் கருவிகளுக்கு, 30 கேமராக்களுக்கு, 40 வாடிக்கையாளர் வைஃபைக்கு, 99 நிர்வாகத்துக்கு. முகவரிகள் 192.168.10.0, 192.168.20.0 என்று விலான் எண்ணையே பின்பற்றுகின்றன, எல்லாமே /24 (சப்நெட் மாஸ்க் 255.255.255.0). ஒவ்வொரு விலானுக்கும் வாசல் (கேட்வே) முகவரி .1, அது சுவிட்சிலேயே இருக்கிறது. கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையையும் சுவிட்சே கொடுக்கிறது.

ஏசிஎல் என்றால் என்ன? விலான் பிரித்தால் போதாதா?

விலான் பிரித்தவுடன் வாடிக்கையாளர் வைஃபையும் ஊழியர் கணினிகளும் தனித்தனி ஆகிவிட்டன என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ரூட்டிங் (ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது) இல்லாத சுவிட்ச் என்றால் அது சரி. ஆனால் சுவிட்சே விலான்களுக்கிடையே ரூட்டிங் செய்தால், 40-இல் இருக்கும் கைப்பேசி 10-இல் இருக்கும் கோப்பு சர்வரை நேராக எட்டிவிடும். சுவரைக் கட்டிவிட்டு அதில் கதவைத் திறந்துவைத்த கதைதான். அந்தக் கதவில் நிற்கும் காவலாளிதான் ஏசிஎல் (ஆக்சஸ் கண்ட்ரோல் லிஸ்ட்).

காவலாளி கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாக்கெட் (தரவுத் துண்டு) வந்ததும் மேலிருந்து கீழாகப் பார்க்கிறார். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதன்படி விடுவார் அல்லது தடுப்பார். அதற்குக் கீழே உள்ள வரிகளைப் பார்க்கவே மாட்டார். எதுவுமே பொருந்தவில்லை என்றால் தடுத்துவிடுவார். கடைசியில் இருக்கும் அந்த ‘டினை’ (தடு) வரி திரையில் தெரியாது, ஆனால் எப்போதும் இருக்கும். இன்னொன்று: இவருக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு நிமிடம் முன்பு வெளியே போன கேள்விக்குத்தான் இந்தப் பதில் வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஃபயர்வாலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். கீழே வரும் கேமரா சிக்கல் இந்த மறதியால்தான்.

எந்த சுவிட்சிலும் இதைச் செய்யலாமா?

முடியாது. சிம் லிம் ஸ்குவேரில் பெட்டியோடு வாங்கி வந்து செருகும் எட்டு போர்ட் சாதாரண சுவிட்சில் அமைப்பதற்கு ஒன்றுமே இல்லை. மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) சுவிட்ச் வேண்டும். விலான்களுக்கிடையே வடிகட்ட, ரூட்டிங் செய்யும் லேயர் 3 சுவிட்ச் வேண்டும். அல்லது ரூட்டிங்கை ஃபயர்வால் செய்தால் விதிகளையும் அங்கேயே எழுதுங்கள். இரண்டுக்கும் வாய்ப்பிருந்தால் ஃபயர்வாலையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். கேமரா காட்சி, பேக்கப் போன்ற கனமான போக்குவரத்தை வேகம் குறையாமல் வடிகட்டவேண்டிய இடத்தில்தான் சுவிட்ச் ஏசிஎல்லுக்கு உண்மையான பயன்.

ஸ்டாண்டர்டு, எக்ஸ்டெண்டட்: எதை எப்போது?

ஸ்டாண்டர்டு பட்டியல் அனுப்புபவரின் முகவரியை மட்டுமே பார்க்கும். எண்கள் 1 முதல் 99 வரை, பிறகு 1300 முதல் 1999 வரை. எக்ஸ்டெண்டட் பட்டியல் அனுப்புபவர், பெறுபவர், புரோட்டோகால் (டிசிபி, யுடிபி போன்ற பரிமாற்ற முறை), போர்ட் எண் (எந்தச் சேவை என்பதைக் காட்டும் எண்) அனைத்தையும் பார்க்கும். எண்கள் 100 முதல் 199 வரை, 2000 முதல் 2699 வரை. எண்ணுக்குப் பதில் பெயர் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ‘101’ எதற்கென்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது.

சுவிட்சுக்குள் யார் லாகின் செய்யலாம் என்பதற்கு ஸ்டாண்டர்டு போதும். மற்ற எல்லாவற்றுக்கும் எக்ஸ்டெண்டட்.

வைல்ட்கார்டு மாஸ்க் குழப்புகிறதே?

சப்நெட் மாஸ்கை 255-இலிருந்து ஒவ்வொரு பகுதியாகக் கழித்தால் வைல்ட்கார்டு கிடைக்கும். 255.255.255.0-க்கு 0.0.0.255. /26 என்றால் 255.255.255.192, எனவே 0.0.0.63. ஒரே ஒரு கருவிக்கு ‘ஹோஸ்ட்’ என்று எழுதிப் பிறகு முகவரி, எல்லோருக்கும் ‘எனி’.

பழக்கதோஷத்தில் 192.168.10.0 255.255.255.0 என்று தட்டிவிட்டால் சுவிட்ச் தவறு என்று சொல்லாது, ஏற்றுக்கொள்ளும். அதன் பொருள் ‘கடைசி எண் 0 ஆக இருக்கும் எந்த முகவரியும்’ என்று மாறிவிடும். உங்கள் கணினிகளில் ஒன்றுகூட அதில் பொருந்தாது. இப்போது ஓடும் அமைப்பைக் காட்டும் ‘ஷோ ரன்’ கொடுத்துப் பார்க்கும்போது 0.0.0.0 255.255.255.0 என்று ஒரு வரி தெரிந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

‘இன்’, ‘அவுட்’ எது எது?

அதிகமாகத் தவறுவது இங்கேதான். உங்கள் நாற்காலியிலிருந்து யோசிக்காதீர்கள். சுவிட்சின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு யோசியுங்கள். விலான் 40-இன் இன்டர்ஃபேசில் (சுவிட்சில் அந்த விலானுக்கான வாசலில்) ‘இன்’ என்றால், வாடிக்கையாளர் கைப்பேசியிலிருந்து புறப்பட்டு சுவிட்சுக்குள் நுழையும் பாக்கெட். ‘அவுட்’ என்றால் வேறெங்கிருந்தோ வந்து, சுவிட்சிலிருந்து அந்தக் கைப்பேசிகளை நோக்கி வெளியேறும் பாக்கெட்.

எனவே ‘இன்’ பட்டியலில் அனுப்புபவர் இடத்தில் 192.168.40.0 வரவேண்டும். அங்கே அதைப் பெறுபவர் இடத்தில் எழுதியிருந்தால் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் எல்லாப் பட்டியல்களையும் ‘இன்’ திசையிலேயே எழுதிப் பழகுங்கள். தடுக்கவேண்டிய பாக்கெட்டை அது புறப்படும் இடத்திலேயே தடுத்துவிடலாம், படிப்பவருக்கும் குழப்பம் இராது.

வாடிக்கையாளர் வைஃபை இணையத்துக்கு மட்டும் போகவேண்டும். முழுப் பட்டியல் எப்படி இருக்கும்?

கமாண்டைத் தொடும் முன் தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: யார், எங்கே, எந்தச் சேவைக்கு. ‘வைஃபை வாடிக்கையாளர் ஐபி முகவரி வாங்கலாம், உள் முகவரி எதற்கும் போகக்கூடாது, மற்ற எங்கும் போகலாம்.’ மூன்று வாக்கியங்கள், அதே வரிசையில் பட்டியல்:

ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் கெஸ்ட்-இன்
10 பெர்மிட் யுடிபி எனி ஈக்யூ 68 எனி ஈக்யூ 67
20 டினை ஐபி எனி 192.168.0.0 0.0.255.255
30 டினை ஐபி எனி 10.0.0.0 0.255.255.255
40 டினை ஐபி எனி 172.16.0.0 0.15.255.255
50 பெர்மிட் ஐபி 192.168.40.0 0.0.0.255 எனி

பிறகு:

இன்டர்ஃபேஸ் விலான் 40
ஐபி ஆக்சஸ்-குரூப் கெஸ்ட்-இன் இன்

‘பெர்மிட்’ என்றால் விடு, ‘ஈக்யூ’ என்றால் போர்ட் எண் இதுவே. வரி 10 டிஎச்சிபிக்கு. முகவரி கேட்கும் கைப்பேசிக்கு அந்த நொடியில் முகவரியே இல்லை, 0.0.0.0 என்று சொல்லிக்கொண்டு 255.255.255.255-க்கு அனுப்புகிறது. அதனால்தான் அங்கே 192.168.40.0 என்று எழுதாமல் ‘எனி’ போட்டிருக்கிறோம். 20, 30, 40 மூன்றும் தனிப்பயன் முகவரி வரம்புகள். இன்று உங்களிடம் 10.0.0.0 இல்லாமல் இருக்கலாம், நாளை வரலாம்.

வரி 50-ஐ மேலே கொண்டுபோனால் தடைகள் எல்லாம் செத்த வரிகள் ஆகிவிடும். எந்தப் பட்டியலிலும் குறுகிய விதி மேலே, அகலமான விதி கீழே.

வாடிக்கையாளர் கருவிகள் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவையை) பயன்படுத்துகின்றன என்று இங்கே எடுத்துக்கொண்டோம். டிஎன்எஸ் உங்கள் உள் சர்வர் 192.168.10.5-இல் இருந்தால், வரி 20-க்கு முன் 15, 16 என்று இரண்டு வரிகள் சேர்த்து, அந்த ஹோஸ்டுக்கு யுடிபி 53, டிசிபி 53 இரண்டையும் திறக்கவேண்டும். யுடிபி மட்டும் திறந்தால் பெரும்பாலான தளங்கள் வரும், பெரிய பதில் தேவைப்படும் சில மட்டும் வராது. அந்த அரைகுறை நிலையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இன்னொரு விளைவு: கைப்பேசியிலிருந்து 192.168.40.1-ஐ பிங் செய்தால் பதில் வராது, ஏனென்றால் வரி 20 அதையும் தடுக்கிறது. அது கோளாறு இல்லை. வாடிக்கையாளர் சுவிட்சின் லாகின் பக்கத்தைத் தொடமுடியாமல் இருப்பது நல்லதுதான். இணையம் ஓடும், வாசல் வழியாகப் போகும் பாக்கெட்டில் பெறுபவர் முகவரி வாசலுடையது அல்லவே.

நேற்று எல்லாம் ஓடியது, இன்று காலையில் வைஃபையில் 169.254 என்று முகவரி வருகிறது. ஏன்?

169.254 என்பது டிஎச்சிபியிடம் முகவரி கிடைக்காத கருவி தானே வைத்துக்கொள்வது. டிஎச்சிபி வரியை விட்டுவிட்டீர்கள். பட்டியலைப் போட்ட நேரத்தில் கருவிகளிடம் ஏற்கெனவே முகவரி இருந்தது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. முகவரியின் குத்தகைக் காலத்தில் (லீஸ்) பாதி கடந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டாலும் காலம் முடியும்வரை பழைய முகவரியிலேயே ஓடும். ஐஓஎஸ் டிஎச்சிபியின் இயல்பான குத்தகை ஒரு நாள். எனவே தவறு செய்த நேரத்துக்கும் அது வெளிப்படும் நேரத்துக்கும் இடையே ஒரு நாள்வரை இடைவெளி விழும். பட்டியல் போட்டவுடன் ஒரு கருவியை வைஃபையிலிருந்து துண்டித்து, முகவரியை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கிப் பாருங்கள்.

ஊழியர்கள் கேமராவைப் பார்க்கவேண்டும். கேமரா ஊழியர் கணினிகளைத் தொடக்கூடாது. எப்படி?

காவலாளியின் மறதி இங்கே வெளிப்படும். விலான் 30-இல் ‘10-க்குப் போவதைத் தடு’ என்று எழுதினால், ஊழியர் கேட்ட கேள்விக்குக் கேமரா ரெக்கார்டர் அனுப்பும் பதிலும் தடைபடும். இதற்கு ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்ற சொல் உதவும்:

பெர்மிட் டிசிபி 192.168.30.0 0.0.0.255 192.168.10.0 0.0.0.255 எஸ்டாப்ளிஷ்டு

ஏசிகே அல்லது ஆர்எஸ்டி குறி உள்ள டிசிபி பாக்கெட்டை மட்டும் இது விடும். புதிய இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டில் ஏசிகே இராது, எனவே கேமராவால் தானாக இணைப்பைத் தொடங்கமுடியாது. சுவிட்ச் இணைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். குறியை மட்டுமே பார்க்கிறது. குறியைப் போலியாகப் போட்டு அனுப்பினால் உள்ளே விட்டுவிடும். கேமராக்களைத் தனியே நிறுத்த இது போதும், ஃபயர்வாலுக்கு மாற்று ஆகாது.

இதன் பிறகு வரும் புகார்: ‘ரெக்கார்டர் பக்கம் திறக்கிறது, லாகின் ஆகிறது, படம் மட்டும் கறுப்பாக இருக்கிறது.’ லாகின் டிசிபியில் நடக்கிறது. காட்சி யுடிபியில் வருகிறது. யுடிபியில் குறிகள் இல்லை, எனவே ‘எஸ்டாப்ளிஷ்டு’ அதற்கு உதவாது. ரெக்கார்டர் மென்பொருளில் காட்சியை டிசிபி வழியாக அனுப்பும்படி மாற்றுவது முதல் தீர்வு. அது முடியாவிட்டால் ரெக்கார்டர் ஒன்றுக்கு மட்டும் யுடிபி திறங்கள், விலான் முழுவதற்கும் அல்ல:

பெர்மிட் யுடிபி ஹோஸ்ட் 192.168.30.10 192.168.10.0 0.0.0.255

கேமராக்களுக்கு இணையம் தேவையில்லை என்றால் வேறு எதையும் திறக்கவேண்டாம். நேரம் சரியாக ஓட, வாசல் முகவரியான 192.168.30.1-க்கு யுடிபி 123 மட்டும் சேர்த்து, சுவிட்சையே நேர சர்வராக வையுங்கள். பதிவில் நேரம் தவறாக இருக்கும் கேமரா, ஒரு சம்பவத்துக்குப் பிறகு யாருக்கும் உதவாது. டிஎச்சிபி வரியை இங்கேயும் மறக்காதீர்கள்.

ஒரே விலானில் இருக்கும் இரண்டு கருவிகளை ஒன்றையொன்று தொடாமல் தடுக்கலாமா?

விலான் இன்டர்ஃபேசில் போட்ட பட்டியலால் முடியாது. அந்தப் பாக்கெட்டுகள் ரூட்டிங்குக்கு வருவதே இல்லை. அதே விலானுக்குள் போர்ட்டிலிருந்து போர்ட்டுக்குப் போய்விடுகின்றன. போர்ட்டில் நேரடியாக ஏசிஎல் போடலாம். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 போன்றவற்றில் அது ‘இன்’ திசையில் மட்டுமே. விலான் முழுவதற்கும் என்றால் விலான் மேப் (விலானுக்குள் நடப்பதையும் வடிகட்டும் அமைப்பு). கருவிகள் தமக்குள் பேசவே கூடாது என்றால் ‘சுவிட்ச்போர்ட் புரொடெக்டட்’ என்ற ஒரே வரி எளிது. வைஃபையில் அக்சஸ் பாயின்டிலேயே வாடிக்கையாளர்களைப் பிரிக்கும் அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள்.

மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரியை) வைத்து ஒரு கைப்பேசியைத் தடுக்கலாமா?

பழைய கேட்டலிஸ்ட் வரிசைகளில் மேக் ஏசிஎல் ஐபி அல்லாத போக்குவரத்தை மட்டுமே வடிகட்டும், எனவே நீங்கள் நினைப்பது நடக்காது. மேலும் இன்றைய கைப்பேசிகள் மேக் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. இந்த வழியில் நேரத்தைச் செலவிடவேண்டாம்.

சுவிட்சின் லாகினை எப்படிக் காப்பது?

ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 192.168.99.0 0.0.0.255
லைன் விடிஒய் 0 15
ஆக்சஸ்-கிளாஸ் 10 இன்
டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்

விடிஒய் என்பவை தொலைவிலிருந்து லாகின் செய்யும் இணைப்புகள், எஸ்எஸ்எச் என்பது மறைகுறியாக்கிய லாகின் முறை. ‘0 4’ என்று மட்டும் எழுதிவிட்டு 5 முதல் 15 வரை திறந்துகிடக்கும் சுவிட்சுகள் ஏராளம். ஐந்து இணைப்புகள் நிறைந்ததும் ஆறாவது ஆள் தடையில்லாமல் நுழைந்துவிடுவார். வலைப்பக்க நிர்வாகம் தேவையில்லை என்றால் ‘நோ ஐபி எச்டிடிபி சர்வர்’, ‘நோ ஐபி எச்டிடிபி செக்யூர்-சர்வர்’ இரண்டையும் கொடுங்கள்; ஆக்சஸ்-கிளாஸ் அந்த வழியைத் தொடாது.

தொலைவிலிருந்து மாற்றும்போது நானே வெளியே மாட்டிக்கொண்டால்?

ஓர் இன்டர்ஃபேசில் ஏற்கெனவே பொருத்திய பெயரில் பட்டியலே இல்லை என்றால் ஐஓஎஸ் எல்லாவற்றையும் விடும். நீங்கள் முதல் வரியைத் தட்டிய அதே நொடியில் கண்ணுக்குத் தெரியாத கடைசி ‘டினை’ உயிர் பெறும். அந்த முதல் வரி உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பை அனுமதிக்கவில்லை என்றால் இரண்டாவது வரியைத் தட்ட இணைப்பே இராது. எனவே முதலில் பட்டியலை முழுதாக எழுதுங்கள், பிறகு இன்டர்ஃபேசில் பொருத்துங்கள்.

தொடங்கும் முன் இருக்கும் அமைப்பைச் சேமித்துவிட்டு, ‘ரீலோடு இன் 10’ கொடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் பழைய அமைப்போடு திரும்ப எழும். சரியாக இருந்தால் ‘ரீலோடு கேன்சல்’ கொடுத்து, அதன் பிறகே சேமியுங்கள். ரீலோடு ஆகும்போது சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறும் கேமராக்கள், தொலைபேசிகள், வைஃபை கருவிகள் எல்லாமே அணைந்து எழும். கடை திறந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். ஆர்கைவ் வசதி (அமைப்பின் பழைய படிகளைச் சேமிப்பது) அமைத்திருந்தால் ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5’ மேல். ஐந்து நிமிடத்தில் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ கொடுக்காவிட்டால் சுவிட்ச் அணையாமலே பழைய நிலைக்குத் திரும்பும்.

பட்டியல் போட்டேன், ஆனால் எண்ணிக்கை பூஜ்ஜியமாகவே இருக்கிறது.

‘ஷோ ஐபி ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்’ காட்டும் எண்ணிக்கையைச் சுவிட்சில் முழுதாக நம்பாதீர்கள். வடிகட்டல் வன்பொருளில் நடக்கிறது. பல மாடல்களில் இந்த எண் மையச் செயலி தொட்ட பாக்கெட்டுகளை மட்டுமே கணக்கிடும். பூஜ்ஜியம் என்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் விலான் 40’ கொடுத்துப் பட்டியல் சரியான திசையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த விலானில் உண்மையான கணினியை வைத்துச் சோதியுங்கள். சுவிட்சிலிருந்து பிங் செய்வது சோதனை ஆகாது. சுவிட்ச் தானே உருவாக்கும் பாக்கெட்டுகளை ‘அவுட்’ பட்டியல் வடிகட்டாது. விண்டோஸில் ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன்’ கொடுத்து முகவரியும் போர்ட் எண்ணும் சேர்த்தால், அந்த டிசிபி சேவை திறந்திருக்கிறதா என்று தெளிவாகச் சொல்லும்.

‘லாக்’ சொல்லைச் சந்தேகத்துக்குரிய ஒரு ‘டினை’ வரியில் தற்காலிகமாகச் சேர்க்கலாம். எல்லா வரியிலும் போட்டால் பாக்கெட்டுகள் மையச் செயலிக்குப் போய் சுவிட்சே திணறும்.

பட்டியல் நீளமாக இருந்தால் வேகம் குறையுமா?

குறையாது. டிகேம் என்ற நினைவகம் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுகிறது. ஆனால் அதில் இடம் குறைவு. நிரம்பிவிட்டால் சில மாடல்கள் அந்த விலானின் பாக்கெட்டுகளை மையச் செயலிக்குத் தள்ளும். அப்போதுதான் எல்லாம் ஊர்ந்து நகரும். கேட்டலிஸ்ட் 3750 போன்றவற்றில் ‘ஷோ பிளாட்ஃபார்ம் டிகேம் யூட்டிலைசேஷன்’ நிலவரம் காட்டும். போர்ட் எண்ணில் ‘ரேஞ்ச்’ எழுதுவது சில சமயம் பல இடங்களைத் தின்னும்; முடிந்தவரை ‘ஈக்யூ’ போடுங்கள்.

ஐபிவி6-ஐயும் இது தடுக்குமா?

தடுக்காது. சுவிட்சில் ஐபிவி6 ரூட்டிங் இயங்கினால், மேலே கட்டிய தடைகளுக்கு அருகிலேயே பெரிய வழி ஒன்று திறந்துகிடக்கும். தனிப் பட்டியல் வேண்டும்: ‘ஐபிவி6 ஆக்சஸ்-லிஸ்ட்’, இன்டர்ஃபேசில் ‘ஐபிவி6 டிராஃபிக்-ஃபில்டர்’. இங்கே வைல்ட்கார்டு கிடையாது, /64 போல முன்னொட்டு நீளம்தான். கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கத் தேவையான இரண்டு செய்திகளை, என்டி-என்ஏ, என்டி-என்எஸ், ஐஓஎஸ் தானாகவே அனுமதிக்கும். ஆனால் கடைசியில் நீங்களே ‘டினை ஐபிவி6 எனி எனி’ என்று எழுதினால் அந்தச் சலுகை அடிபட்டுப்போகும். அதற்கு முன் அவை இரண்டையும் நீங்களே ‘பெர்மிட்’ செய்யவேண்டும்.

வேறு நிறுவன சுவிட்சில் என்ன மாறும்?

சிந்தனை அதேதான், மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. சிஸ்கோ நெக்சஸில் /24 என்றே எழுதலாம். எண்ணிக்கை வேண்டுமானால் பட்டியலுக்குள் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பெர்-என்ட்ரி’ சேர்க்கவேண்டும். ஜூனிப்பரில் இதன் பெயர் ஃபயர்வால் ஃபில்டர். ‘கமிட் கன்ஃபர்ம்டு 10’ இருப்பதால் வெளியே மாட்டிக்கொள்ளும் பயம் குறைவு. ஹுவாவேயில் 2000 முதல் 2999 வரை அடிப்படை, 3000 முதல் 3999 வரை மேம்பட்டது. அங்கே ‘டிராஃபிக்-ஃபில்டர்’ வழியாகப் பொருத்தினால், பொருந்தாத பாக்கெட்டுகளை அது தடுக்காது, விட்டுவிடும். சிஸ்கோ பழக்கத்தில் கடைசித் தடையை எழுதாமல் விட்டால் பட்டியல் பாதி திறந்த வாசல்தான்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு இது போதுமா?

2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, கையிலுள்ள தனிநபர் தகவலுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யச் சொல்கிறது. குறிப்பிட்ட கருவி எதையும் கட்டாயமாக்கவில்லை. நோயாளி விவரமோ மாணவர் விவரமோ இருக்கும் சர்வரை வாடிக்கையாளர் வைஃபையிலிருந்து எட்டமுடிந்தால், நியாயமான ஏற்பாடு இருந்தது என்று வாதிடுவது கடினம். 2022 அக்டோபர் 1 முதல் அபராதத்தின் உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி. சிங்கப்பூரில் ஆண்டு விற்றுமுதல் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனத்துக்கு அதன் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. ஏசிஎல் இந்தப் பாதுகாப்பில் ஒரு பகுதி மட்டுமே. கடவுச்சொல், மென்பொருள் புதுப்பிப்பு, பேக்கப் எதற்கும் அது ஈடாகாது.

ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலை எப்படித் திருத்துவது?

ஒரு வரி சேர்க்க, பட்டியலுக்குள் போய் 15 போன்ற இடை எண்ணோடு தட்டுங்கள். இடம் இல்லாமல் போனால் ‘ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் ரீசீக்வன்ஸ் கெஸ்ட்-இன் 10 10’ எண்களை மறுபடி பத்துப் பத்தாக அடுக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் மேலே ‘ரிமார்க்’ வரியில் யார் கேட்டது, எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

பெரிய மாற்றம் என்றால் பழையதைத் தொடாதீர்கள். கெஸ்ட்-இன்-2 என்று புதிய பட்டியலை முழுதாக எழுதிச் சரிபார்த்து, இன்டர்ஃபேசில் ஒரே வரியில் மாற்றுங்கள். தவறு என்றால் அதே ஒரு வரியில் பழையதற்குத் திரும்பலாம். புதியது இரண்டு மூன்று நாள் சரியாக ஓடிய பிறகு, வேறு எந்த இன்டர்ஃபேசிலும் பழையது ஒட்டியிருக்கவில்லை என்று ‘ஷோ ரன்’ மூலம் உறுதிசெய்துகொண்டு அழியுங்கள். எங்காவது ஒட்டியிருக்கும் பட்டியலை அழித்தால், அந்த வாசலில் அன்றிலிருந்து காவலாளியே இல்லை. எல்லாம் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாரும் புகார் சொல்லவும் மாட்டார்கள்.